பட்டியலில் இல்லாத பெயர்

கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது விடியற்காலை நாலரை மணி இருக்கும். உம்மா பெட்டிகளை எண்ணினார். நான்கு சூட்கேஸ், மஞ்சள் கயிறு கட்டிய இரண்டு காட்போட் பெட்டி, மொத்தம் ஆறு. மறுபடியும் எண்ணினார். ஆறுதான்.

"உம்மா, தம்பியையும் ஒருக்கா எண்ணிப் பாருங்க" என்றேன். அவன் தள்ளுவண்டியில் பெட்டிகளுக்கு மேலேயே தூங்கிப் போயிருந்தான்.

போகும்போது எங்களிடம் இரண்டே இரண்டு பெட்டிதான் இருந்தது.

வாப்பா கட்டாரில் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் நிற்பார். வந்த முதல் கிழமை நாங்கள் வெட்கப்படுவோம். பழகி முடியும்போது அவர் போய்விடுவார். இம்முறை ஆண்டிறுதி விடுமுறையில், "நான் வாறதுக்குப் பதிலா நீங்க வாங்க" என்றார். அவருடைய நண்பர் ஒருவர் தாயகம் போகும்போது மூன்று கிழமைக்குத் தம் வீட்டுத் திறப்பை வாப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனதால்தான் அது நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நாங்கள் நான்கு பேரும் ஒரே கூரையின் கீழ் ஒரு தவணை விடுமுறையைக் கழித்தது அதுதான் முதல் தடவை.

டோஹாவில் நான் கண்டவற்றை எல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. கடலோரமாக வளைந்து போகும் கோர்னிஷ் வீதியில் ஒவ்வொரு மாலையும் நடந்தோம். கடலுக்குள் மண் நிரப்பி உண்டாக்கிய சிறு தீவில் இஸ்லாமியக் கலை நூதனசாலை நிற்கிறது. 2008இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஐ. எம். பே என்ற கட்டடக் கலைஞர். முஸ்லிம் அல்லாத அவர், இந்த வேலைக்காக முதுமையில் முஸ்லிம் நாடுகளைச் சுற்றிப் பார்த்து, கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலில் உள்ள வுழூச் செய்யும் மண்டபத்திலிருந்து தம் கட்டடத்துக்கான வடிவத்தைக் கண்டுபிடித்தாராம். ஒரு பயணத்திலிருந்து இப்படியும் ஒன்றைக் கொண்டு வரலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

வளைகுடாவின் பழைய வாழ்க்கையைப் பற்றியும் கேட்டறிந்தேன். எண்ணெய் வருவதற்கு முன் அங்குள்ளவர்கள் முத்துக் குளித்துத்தான் சீவித்தார்கள். மூக்கை ஒரு கவ்வியால் அடைத்துக்கொண்டு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தபின் 1930களில் அந்தத் தொழில் விழுந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் மன்னார்க் கடலில் முத்துக் குளிப்பு நடந்தபோது, வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் கூலிக்கு வந்திருக்கிறார்கள் என்று எங்கள் வரலாற்று ஆசிரியை முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது. வாப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்ப அவங்கட வீட்டுலயும் புள்ளைகள் பாத்துக்கிட்டு இருந்திருக்குங்கள், இலங்கையில இருந்து வாப்பா என்ன கொண்டு வாறார் எண்டு."

எங்கள் ஊர் புல்மோட்டை. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி என்று வடக்கே வந்தால் கடைசியில் வரும் ஊர். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போய் வந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைய முடியாது. உம்மா சிறுமியாக இருந்த காலத்தில் வந்த சாமான்கள் வேறு. கெஸட் போடும் ரேடியோ, பூப்போட்ட கனத்த போர்வை, டோர்ச், கோடாலித் தைலம், டாங் தூள். இப்போது எல்லாம் இங்கேயே கடையில் கிடைக்கிறது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வந்த கோடாலித் தைலத்துக்குத்தான் தலையிடி கேட்கும் என்று நம்புகிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே ஐந்து பேர் இருக்கிறார்கள்.

ஆகவே, போன இரண்டாம் நாள் இரவே உம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு கொப்பியில் பெயர்ப் பட்டியல் எழுதினேன். மாமாமார், மாமிமார், சாச்சிமார், அவர்களின் பிள்ளைகள், பக்கத்து வீடுகள், ஓதித் தந்த ஆலிமாவின் வீடு, என் விடுதித் தோழிகள். நாற்பத்தேழு பெயர். பெயருக்கு நேரே சாமான், சாமானுக்கு நேரே ரியால். கணக்குப் பாடத்தில் நான் அவ்வளவு கவனம் காட்டியிருந்தால் என் சாதாரண தரப் பெறுபேறு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஸூக் வாகிஃப் என்ற பழைய சந்தையில் மூன்று பின்னேரம் சுற்றினோம். வாசனைச் சரக்கு, அத்தர், கூட்டில் பறவைகள், மணிக்கட்டில் நிறுத்திப் பார்க்கும் வேட்டைப் பருந்துகள். நான் ஆசையாக எடுத்த ஒட்டகப் பொம்மையின் வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் சீனாவில் செய்தது என்று இருந்தது. ஒரு கடைக்காரர், மிக உயர்ந்த சரக்கு என்று சொல்லிக் கறுவாப் பட்டையை எங்கள் மூக்கருகே நீட்டினார். எந்த நாடு என்று உம்மா கேட்டார். "ஸ்ரீலங்கா" என்றார் அவர். உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னர், மேலதிகமான சில சாமான்களை எடுக்க வேண்டும் என்று வாப்பா தாம் வழமையாகத் தங்கும் அறைக்குப் போனார். தம்பியும் நானும் கூடப் போனோம். அறைத் தோழர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில்கள். ஆறு பேர். வாப்பாவின் கட்டில் கீழ்த்தட்டு. சுற்றிவர ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரைபோலக் கட்டியிருந்தார். சுவரில் தம்பி முதலாம் ஆண்டில் வரைந்த படம். கட்டிலுக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி. அதன்மேல் கறுப்பு மார்க்கரால் 'வீடு' என்று தமிழில் எழுதியிருந்தது.

பெட்டிக்குள் சவர்க்காரம், பால்மாத் தகரம், பிள்ளைகளுக்கான சப்பாத்து, ஒரு சால்வை. "கடையில விலை குறைக்கிற நேரம் ஒவ்வொண்டா வாங்கி இதுக்குள்ள போட்டு வெப்பன்" என்றார். சப்பாத்து தம்பிக்கு வாங்கியது. அவனுடைய கால் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வாப்பா அதைக் கையில் எடுத்து அவன் காலோடு வைத்துப் பார்த்துவிட்டு, "சாச்சிட மகனுக்கு சரியா வரும்" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆனால் அடுத்த நாள் பெட்டி கட்டுகிற அமளியில் அதை நான் மறந்துவிட்டேன். சரியாகச் சொன்னால், மறந்துவிடத்தான் விரும்பினேன்.

கட்டுநாயக்கவிலிருந்து வானில் வந்தோம். தம்புள்ள, ஹபரண, கந்தளாய் எல்லாம் கடந்து திருகோணமலையில் தேநீர் குடித்தோம். மாரி மழை பெய்து ஓய்ந்த நேரம். குச்சவெளியைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பற்றைக் காடும் பச்சை வயலும். திரியாய்ச் சந்தியில் மாடுகள் குறுக்கே வந்ததால் வான் சிறிது நேரம் நின்றது. மேற்கே ஊருக்குள் போகும் பாதையையும் தூரத்தில் தெரிந்த மலையையும் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்த மலை. அன்றைக்கும் பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு புடவைக்கட்டு, யான் ஓயாப் பாலம். முன்னர் பாலம் இல்லாத காலத்தில் பாதையில் ஏறித்தான் இந்த ஆற்றைக் கடக்க வேண்டும். இப்போது வானில் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம். வீடு வந்துவிட்டது.

அன்று பின்னேரமே பெட்டிகள் திறக்கப்பட்டன. விறாந்தையில் பாய் விரித்து, பட்டியலை வைத்துக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்தேன். ஈத்தம்பழம் ஒரு குவியல், சொக்லேட் ஒரு குவியல், அத்தர்ப் போத்தல்கள், ஸ்கார்ப்கள், தொழுகை விரிப்புகள். பெயரைச் சொல்லிச் சொல்லிப் பொலித்தீன் பையில் போட்டேன். எந்த மச்சாளுக்கு எந்த நிறம் என்று வந்த சண்டையையும் தீர்த்து வைத்தேன். உள்ளபடி சொல்கிறேன், அன்று எனக்குப் பெரிய பெருமை. கொடுக்கிற கை என்னுடைய கை என்ற பெருமை. நான் ஒரு ரியால்கூட உழைத்தவள் அல்ல என்பது நினைவிலேயே இல்லை.

இரண்டாம் நாள் மாலைக்குள் நாற்பத்தேழு பெயருக்கும் சரி அடையாளம் விழுந்துவிட்டது. பாயில் மிஞ்சியது நாலைந்து திறப்புக் கோர்வைகளும் உடைந்த பிஸ்கட் பக்கற் ஒன்றும்தான். உம்மம்மா கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார்.

"திரியாய் ஆச்சிக்கு எது மகள்?"

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா என்னைப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை.

"இதுல ஒண்டு இருக்கு..." என்று நான் ஒரு திறப்புக் கோர்வையை எடுத்தேன். ஒட்டகத்தின் தலை தொங்கும் கோர்வை.

உம்மம்மா ஏசவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு நாள் நெஞ்சில் நின்றிருக்காது. "ஆச்சிட வீட்டுக் கதவுக்குப் பூட்டு இல்ல மகள்" என்றார். பிறகு எழுந்து அஸருக்கு வுழூச் செய்யப் போனார்.

திரியாய் ஆச்சி யார் என்று இங்கே சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். திரியாய் தமிழ் மக்களின் பழைய விவசாயக் கிராமம். வயலும் மாடும்தான் அவர்களின் செல்வம். உம்மம்மா கலியாணம் முடித்து வந்த புதிதில், ஆச்சி எருமைத் தயிர் கொண்டு வந்து எங்கள் தெருவில் விற்பாராம். உம்மம்மாவின் முதல் குழந்தை பிறந்து இறந்தபோது, தயிர்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மூன்று நாள் எங்கள் வீட்டில் நின்று சமைத்துப் போட்டவர் ஆச்சி. அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் அக்காவும் தங்கச்சியும்.

1985இல் திரியாய் எரிந்தது. ஊர்ச் சனம் கையில் அகப்பட்டதோடு ஓடிப்போனது. ஆச்சியின் குடும்பம் எங்கெங்கோ அலைந்து, மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தது. மண்டபம் முகாம், பிறகு மதுரைப் பக்கத்தில் ஒரு முகாம். பதினேழு வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபின் திரியாய்க்குச் சனம் மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுப் படலையில், "தங்கச்சி" என்று ஒரு குரல் கேட்டதாம். உம்மம்மா குரலை வைத்துத்தான் ஆளை அறிந்தார். முகம் அவ்வளவு மாறியிருந்தது.

ஆச்சியின் கையில் ஒரு பை இருந்தது. அதற்குள் ஒரு சுங்குடிச் சேலை. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். மதுரையில் சுங்குடி பேர்போனது. துணியை முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்து அந்தப் புள்ளிகளை எடுப்பார்கள். முகாமில் கூலி வேலைக்குப் போன காலத்தில், ஊருக்குத் திரும்புவோமா மாட்டோமா என்று தெரியாத நாளிலேயே, உம்மம்மாவுக்கென்று அதை வாங்கி மடித்து வைத்திருக்கிறார். திரும்பி வந்த ஊரில் ஆச்சிக்கு வீடு இல்லை. சுவர் மட்டும்தான் நின்றது. கிணற்றுக்குள் மரம் முளைத்திருந்தது. ஆனால் கொண்டு வந்து கொடுக்க ஒரு சேலை இருந்தது.

நாங்களும் கடல் கடந்து போய் வந்தோம். ஆச்சியும் கடல் கடந்து போய் வந்தார். எங்களுடையது விமானம், அவருடையது வள்ளம். என்னிடம் நாற்பத்தேழு பெயர் எழுதிய பட்டியல் இருந்தது. அவரிடம் எழுத்தே இல்லை. ஆனாலும் பெயரை மறந்தவள் நான்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது உம்மம்மா புறப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். கையில் ஒரு சில்வர் ஏனம், அதில் தம் பங்குக்கு வந்த ஈத்தம்பழம் முழுவதும். கக்கத்தில் ஒரு பொதி. பொதிக்குள் வாப்பா அவருக்கென்று கட்டிலுக்குக் கீழே வைத்துச் சேர்த்த அந்தச் சால்வை. இன்னும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உம்மம்மா, அது வாப்பா உங்களுக்கெண்டு..."

"எனக்குத் தந்தா அது என்ட. என்ட சாமானை நான் குடுக்கன். உனக்கென்ன?"

ஓர் ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதை அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெண்களுக்குச் சொன்ன அறிவுரையை நாங்கள் சிறு வயதில் மனனம் செய்தோம். ஒட்டகத் தலைத் திறப்புக் கோர்வையும் அதற்குள் அடங்கும் என்று வாதாடலாம். ஆனால் அந்த அறிவுரை இல்லாதவளின் கைக்குச் சொன்னது. எங்கள் வீட்டில் பாய் நிறையச் சாமான் இருந்தது.

பஸ்ஸில் போய்ச் சந்தியில் இறங்கி, முச்சக்கர வண்டி பிடித்துத் திரியாய்க்குள் போனோம். ஆச்சி முற்றத்தைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கான ஆயத்தம். எங்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

"வா தங்கச்சி, வா. பிள்ளை எப்ப வந்தனி? கொப்பர் சுகமா இருக்கிறாரோ?"

சால்வையை உம்மம்மா கொடுத்தபோது, நான் கொண்டு வந்ததாகவே சொன்னார். "புள்ள உங்களுக்கெண்டு கொண்டு வந்தா அக்கா" என்றார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆச்சி சால்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மடித்தார், மடியிலேயே வைத்துக்கொண்டார். ஒரு ஈத்தம்பழத்தை எடுத்து நான்காகப் பிய்த்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"சாமான் கிடக்கட்டும் பிள்ளை. அங்க என்னென்ன கண்டனி, சொல்லு கேப்பம்."

ஊருக்கு வந்து ஐந்து நாளாகியிருந்தது. நாற்பத்தேழு பேருக்குச் சாமான் கொடுத்திருந்தேன். என்ன கண்டாய் என்று கேட்ட முதல் ஆள் ஆச்சிதான். சொல்லத் தொடங்கினேன். கடலுக்குள் நிற்கும் நூதனசாலை, பருந்துச் சந்தை, நம் ஊர்க் கறுவா. ஆச்சி நிறையக் கேள்வி கேட்டார். அந்தக் கடலில் அலை இருக்கிறதா, மழை பெய்யுமா, மாடு இருக்கிறதா. பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, கொப்பர் எங்க படுக்கிறார் என்று கேட்டார். முகாமில் இருந்தவருக்கல்லவா அந்தக் கேள்வி முதலில் தோன்றும்!

நான் திரைகட்டிய கட்டிலைச் சொன்னேன். 'வீடு' என்று எழுதிய பெட்டியைச் சொன்னேன். தம்பியின் காலுக்குச் சிறுத்துப்போன சப்பாத்தைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உம்மாவிடமும் சொல்லாததை அங்கே சொல்லி அழுதேன். உம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சால்வை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பது அவருக்கும் அப்போதுதான் தெரியும். ஆச்சி சால்வையை உம்மம்மாவின் பக்கம் நகர்த்தினார். உம்மம்மா அதைத் திரும்ப ஆச்சியின் மடியில் வைத்து அழுத்திவிட்டார்.

அழுகையை மாற்றவோ என்னவோ, ஆச்சி தூரத்து மலையைக் காட்டினார். "இந்த மலையில என்ன இருக்கெண்டு தெரியுமே?" தெரியும். வரலாற்று ஆசிரியையும் சொல்லியிருந்தார். அது கிரிகண்டு சைத்தியம். பௌத்தர்களின் மரபுப்படி, தபஸ்ஸு, பல்லுக என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் வழியில் புத்தரைக் கண்டு அரிசிமாப் பண்டமும் தேனும் கொடுத்தார்கள். அவர் ஞானம் பெற்றபின் உண்ட முதல் உணவு அதுதான் என்பார்கள். அவர் தம் தலைமுடியில் கொஞ்சத்தை அவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அதைப் பேழையில் வைத்துக் கடல் கடந்து கொண்டு வந்தபோது இந்த மலையில்தான் வைத்தார்களாம். மலையில் உள்ள பாறைக் கல்வெட்டு கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் சமஸ்கிருதத்தில் வெட்டியது. அந்தப் பெயர்களை உடைய வணிகர் கூட்டத்தார் இந்தச் சைத்தியத்தை அமைத்ததை அது சொல்கிறது. மியன்மாரில் உள்ள ஷுவேடகோன் தாதுகோபத்திலும் இதே இரண்டு வணிகர்களின் கதையைத்தான் சொல்கிறார்கள்.

ஆச்சிக்குக் கல்வெட்டுத் தெரியாது. அவருடைய தகப்பன் சொன்ன கதைதான் தெரியும். "சாமான் விக்க வந்தவை, கடைசியில விக்க ஏலாத ஒண்டை இங்க வைச்சிட்டுப் போச்சினம்" என்றார்.

ஆச்சியின் பேத்தியோடு மலையில் ஏறினேன். படிகள் ஈரமாக இருந்தன. உச்சியில் நடுவே தாதுகோபம், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கற்றூண்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றோம். அவர்கள் புனிதமாக எண்ணும் இடம். கிழக்கே பார்த்தால் வயல், அதற்கப்பால் காடு, அதற்கப்பால் கடல். ஒரு காலத்தில் அந்தக் கடலில் பாய்மரம் தெரிந்தால் இந்த ஊர்ச் சனமும் ஓடிப்போய், என்ன கொண்டு வருகிறார்கள் என்று பார்த்திருக்கும்.

அங்கே நின்றபோது இப்னு பதூதாவின் நினைவும் வந்தது. 1344இல் அவர் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவாதமலையில் ஏறினார். மன்னர் அவருக்கு மாணிக்கங்களும் முத்துக்களும் பரிசளித்தார். ஆனால் அவற்றை அவரால் ஊருக்குக் கொண்டு போக முடியவில்லை. இந்தியாவின் மேற்குக் கரையில் கடற்கொள்ளைக்காரர்கள் காற்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பல வருடம் கழித்து மொரோக்கோவுக்குத் திரும்பி, கண்டதை எல்லாம் சொல்ல, இன்னொருவர் எழுதினார். அந்த மாணிக்கங்கள் இன்று எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் சொன்னதோ எங்கள் பாடப் புத்தகம் வரை வந்திருக்கிறது.

கீழே இறங்கியபோது உம்மம்மா புறப்பட ஆயத்தமாக நின்றார். ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆச்சி அது நிறைய அவித்த பனங்கிழங்கு வைத்திருந்தார். காணாததற்கு ஒரு பையிலும் கட்டியிருந்தார்.

"இது உங்களுக்கு. பையில இருக்கிறது கொப்பருக்கு."

"வாப்பா கட்டார்ல ஆச்சி. எப்பிடி..."

"காயப் போடு பிள்ளை. புழுக்கொடியல் மாசக் கணக்கா நிக்கும். ஆரும் போறவையிட்ட குடுத்து விடு."

கிழங்கை உரித்து, நார் களைந்து, நெடுக்காகக் கிழித்துப் பாயில் காயப் போட்டேன். மாரி வெயிலை நம்ப முடியாது. மேகம் கறுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டினேன். விடுதிக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தபோது அந்த வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். நன்றாகக் காய்ந்து கல்லாக இறுகியதும் ஒரு கிலோ அளவு தேறியது. அடுத்த மாதம் எங்கள் தெருவில் ஒரு காக்கா விடுமுறை முடிந்து டோஹாவுக்குப் போனார். அவருடைய பெட்டியில் இடமில்லை என்று அவருடைய உம்மா முணுமுணுத்தாராம். ஆனாலும் கொண்டு போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு வாப்பா விடுதித் தொலைபேசிக்கு அழைத்தார். சால்வை எங்கே போனது என்பதை முதலில் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "நல்ல காரியம்" என்றார். பிறகு, "அவவிட தயிரச் சாப்பிட்டுத்தானே நான் உங்கட வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தன்" என்றார்.

"புழுக்கொடியல் கிடைச்சிச்சா வாப்பா?"

"கிடைச்சிச்சு மகள். ரூமுல ஆறு பேருக்கும் பங்கு வெச்சன். மலையாளத்து ஆள் உடனே கண்டுபிடிச்சிட்டார், பனையெண்டு. நேபாளத்துப் பொடியனுக்குத்தான் எப்பிடிக் கடிக்கிறதெண்டே விளங்கல்ல. திரியாய் எங்க இருக்கெண்டு எல்லாரும் கேட்டாங்க. சொல்லிக் குடுத்தன்."

"பெட்டிக்குள்ள ஏதும் மிஞ்சிக் கிடக்கா?"

"ரெண்டு துண்டு வெச்சிருக்கன். கட்டிலுக்குக் கீழ" என்றார்.